பிரதீபா போணி செய்த படலம்

“பாய், அமிர்தலிங்கம் அண்ணன் இருக்குற கடைய எனக்கு வாடகைக்கு விடுங்களேன்.”

“அவரு மனசாரக் காலி பண்ணுனா தை ஒண்ணாந்தேதி சாவி உனக்குத்தாம்மா. ஆனா கேக்குறது உன் பாடு. பதினெட்டு வருசமா இருக்குற மனுசனை வெளிய போங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

திருத்துறைப்பூண்டிக் கடைக்கு உரியவரான ஜெக்கரியா பாய் ஆவணியில் உரைத்த இவ்வருள்வாக்கைத் தலைமேல் தாங்கிப் போருக்கு எழுந்த பிரதீபா வாழ்க! ஊசிமுனை வேலாள், கத்தரிக்கோல் இருவாளாள், மூன்று தையல் மெஷின்களை நடைவழியில் நிறுத்தி, கணவன் சபரிநாதன் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தே சமையலறை சேரும்படி இல்லம் ஆண்டவள் வாழ்க!

கோட்டையோ பிளாஸ்டிக் சாமான் கடை. குடங்கள் கொத்தளங்களென உயர, துடைப்பங்கள் வேற்படையென நிமிர, கவிழ்ந்த வாளிகள் யானைநிரையெனக் கிடக்க, நடுவே ஸ்டூல் என்னும் அரியணையில் வீற்றிருந்தார் அமிர்தலிங்கம். செவ்வாய், வெள்ளியில் ஒருவரைக் காலி செய்யச் சொல்லலாகாது. ராகு காலத்தில் ஆகாது. விளக்கு வைத்தபின் ஆகவே ஆகாது. போணி ஆகாத கடையில் அப்பேச்சை எடுப்பதோ பாவங்களுள் பெரும்பாவம். ஆதலின் அறம் வழுவா அவ்வீராங்கனை, தானே முதல் வியாபாரம் செய்து அத்தடையை நீக்கிவிட்டுக் கேட்பதெனத் துணிந்து, ஒரு மக்கு வாங்கினாள். வாங்கியதும் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஒரு முறம். பிறகு சோப்பு டப்பா. கார்த்திகை மழை கடைத்தெருவை வாய்க்காலாக்கிய காலையிலும் முழங்கால் நீரில் படைநடத்திச் சென்று, மீண்டும் ஒரு மக்கு. வீட்டில் மக்குகள் மட்டும் இருபத்திரண்டாயின. அவள் வாய் திறந்தபாடில்லை.

மார்கழியின் கடைசி நாள். டீ வடிகட்டி ஒன்றைக் கவர்ந்து நின்றவளிடம் கோட்டையின் வேந்தர் திருவாய் மலர்ந்தார்:

“உண்மையச் சொல்றேன் தங்கச்சி. தீபாவளியோட கடையக் கட்டிடலாம்னுதான் இருந்தேன். நீங்க போணி பண்ற நாளெல்லாம் வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போவுது. என்னா ராசிங்க உங்க கை! இன்னும் மூணு வருசத்துக்கு எழுதிக்கலாம்னு சாயங்காலம் பாய்கிட்ட போறேன்.”

ஐயகோ! முற்றுகையிட்டவளே கோட்டைக்குள் நெல்மூட்டை அனுப்பி வந்த கொடுமையை எங்ஙனம் உரைப்பேன்! வாளிகள் பிளிறின, குடங்கள் முரசென அதிர்ந்தன, ஐந்து திங்கள் அண்ணத்தில் சிறைப்பட்டிருந்த அந்நா, மதகு உடைத்த காவிரிப் புதுவெள்ளமெனப் புரண்டு எழுந்தது.

“அண்ணே, இந்தக் கடை எனக்கு வேணும்ணே.”