ஏழு பாகமும் ஒரே குரலும்

மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை மீண்டும் சுதந்திர மனிதனாகிவிடுவது என்று மார்ச் மாதத்தில் ஒரு நாள் தீர்மானித்தேன்.

எங்கள் ஓலோத் ஊரில் ஏழு மணிக்கு வேலை முடியும். ஒன்பது மணிக்கு இரவுச் சாப்பாடு. இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தைக் கடவுள் படைத்ததே சதுக்கத்துக் காபிக்கடையில் சீட்டாடுவதற்காகத்தான். ஆனால் எனக்கு எட்டு வயதில் எலிசெந்தா என்று ஒரு மகள் இருக்கிறாள். அவளுடைய சந்தேகங்களுக்கும் அதே நேரந்தான் வாய்த்திருந்தது. ஒரு வாரம் நான், ஒரு வாரம் என் மனைவி ரெமேய் என்று அவற்றைத் தீர்த்து வந்தோம். என் முறை வரும் வாரங்களில், சீட்டில் என் கூட்டாளியான கீழ்வீட்டு நர்சீஸ் காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

அப்போதுதான் 'மூடுபனித் தீவு' நினைவுக்கு வந்தது. ஏழு பாகங்கள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஒரு சிறுமியும் ஒரு டிராகனும் வரும் அந்த மாயக்கதையைக் கேட்டுத்தான் எங்கள் தலைமுறை முழுவதும் வளர்ந்தது. எனக்கு அம்மா படித்துக் காட்டினாள். ஒரு நாள் அத்தை படிக்க வந்தபோது, அது வேறு டிராகன் என்று நான் அழுது வீட்டை இரண்டாக்கினேனாம். முதல் பக்கத்தை யார் படிக்கிறார்களோ அவர்கள்தான் கடைசிப் பக்கத்தையும் படித்தாக வேண்டும். குழந்தை விடாது.

ஆக, ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு ரெமேய் முதல் பக்கத்தைப் படித்துவிட்டால் போதும். அதன் பிறகு இரண்டாண்டு காலம் நான் காபிக்கடையில் இருப்பேன்.

நேராகக் கேட்டால் மோப்பம் பிடித்துவிடுவாள். எனவே பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்தேன்.

"பெற்றோர்களே! பயந்த குழந்தை அந்தத் தீவுக்குப் போனால் துணிவோடு திரும்பும். துணிந்த குழந்தை இரக்கத்தோடு திரும்பும். இன்றே வாங்குங்கள். ஆனால், ஒருவரே படிக்க வேண்டும். குரல் மாறினால் டிராகன் செத்துவிடும்!"

என் திட்டம் தெரிந்த நர்சீஸ் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினான்.

வீடு திரும்பும்போது ரெமேய் சொன்னாள்: "நல்லாத்தான் பேசினே. நர்சீஸ் கண்ணக்கூடத் தொடச்சுக்கிட்டான்."

"குழந்தைங்கன்னா அவனுக்கு அவ்வளவு அக்கறை."

"அப்படியா? அவன் பொண்ணு எத்தனாவது படிக்கிறான்னு அவனையே கேட்டேன். ஃபீனாவைக் கேட்டுச் சொல்றேன்னான்."

ஃபீனா என்பது அவன் மனைவி. நான் பேச்சை மாற்றினேன்.

"முதல் பாகம் வாங்கிடலாமா?"

"நீ அலைய வேண்டாம். நானே வாங்கறேன்."

நடையில் ஒரு துள்ளல் வந்தது எனக்கு. அவள் வாங்கினால் புத்தகம் அவளுடையது. அவளுடையது என்றால் படிப்பவளும் அவளே. இந்தக் கணக்கில் நான் பார்க்க மறந்தது நாட்காட்டி ஒன்றை மட்டுந்தான்.

ஏப்ரல் இருபத்து மூன்று, சாந்த் ஜோர்டி திருநாள். சதுக்கம் முழுவதும் புத்தகக் கடை, ரோஜா வாளி. இக்காலத்தில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கிறார்கள். ரெமேய் பிறந்த வீட்டில் மட்டும் பழைய வழக்கம் இம்மியும் பிசகியதில்லை. நான் கோதுமைக்கதிர் செருகிய ரோஜாவை நீட்டினேன். அவள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். செங்கல் கனம்.

பிரித்தேன். முதல் பாகம். உள்ளே அவள் கையெழுத்தில் என் பெயர்: 'ஃபெரியோலுக்கு, அன்புடன்.'

"இது... குழந்தைக்குன்னு இல்ல நான் சொன்னேன்?"

"ரோஜா பொம்பளைக்கு, புத்தகம் ஆம்பளைக்கு. இன்னிக்கு உனக்குக் குடுக்காம வேற எவனுக்கு மனுஷா குடுப்பேன்?"

"சரி, படிக்கிறதையாவது நீ படியேன்."

"புருஷனுக்குக் குடுத்ததப் பிடுங்கி நானே படிக்கறதா? ஊர் சிரிக்காது?"

எலிசெந்தா அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள்.

எனக்கும் தந்திரம் தெரியாமலில்லை. தண்ணீர் வரி ரசீதைப் படிப்பதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தேன். பத்து வரிக்குள் குழந்தையே புத்தகத்தைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்துவிடும் என்பது என் எதிர்பார்ப்பு.

"அப்பா!" அவள் கண்கள் விரிந்தன. "நூறு வருஷம் தூங்கின டிராகன் இப்படித்தாம்பா பேசும்! இந்தக் குரலை மாத்தவே மாத்தாதே!"

காற்று வாங்க மாடத்துக்கு வந்தேன். கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து அதே முதல் பக்கம், இருமலோடு கேட்டது. குனிந்து கூப்பிட்டேன். நர்சீஸ் தலையை நீட்டினான்.

"உனக்குமா?"

"எனக்குந்தான். ஃபீனா அட்டை வேற போட்டுக் குடுத்தா. இந்தத் தெருவுல தப்பிச்ச ஆம்பளையே இல்லயாம். பேச்சாளரே, நீ நல்லா இருப்பே!"

வாரம் முடிந்ததும் ரெமேயிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "இந்த வாரம் உன் முறை இல்லையா?"

"முறையெல்லாம் கூட்டத்தோட போச்சு. குரல் மாறினா டிராகன் செத்துடும்னு ஊரக் கூட்டிச் சொன்னது யாரு? கொலைக்கு நான் ஆள் இல்ல."

மே போயிற்று. கோடை போயிற்று. அக்டோபரில் மூன்றாம் பாகத்தின் நடுவில் இருந்தோம். பனிப்பள்ளத்தின் மேல் கயிற்றுப்பாலம் அறுந்துவிட்டது. சிறுமி ஒற்றைக் கையில் தொங்குகிறாள். டிராகனுக்கோ காது மந்தம். எலிசெந்தா என் சட்டையைப் பிடித்திருந்தாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தேன்.

பின்னாலிருந்து ரெமேயின் குரல், தேனாக வந்தது.

"பாவம், முகமே வாடிப் போச்சு உனக்கு. இன்னிக்கு ஒரு நாள் நான் படிக்கறேன். நீ போய் ரெண்டு ஆட்டம் ஆடிட்டு வா."

ஆறு மாதமாக நான் காத்திருந்த வாக்கியம்.

"இப்பவா?" என்றேன், பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பாலம் அறுந்து கெடக்கு. எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம், போ!"

பக்கத்தைத் திருப்பும்போது நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் ஃபீனா சீட்டுக்கட்டோடு நின்றிருந்தாள். ரெமேயோ, என்னைக் கேட்பதற்கு முன்பே கோட்டு மாட்டிப் பொத்தான்களையும் போட்டு முடித்திருந்தாள்.