மத்தாப்பை ஏற்றிப்போக வேன் அனுப்புவது குறித்து

விருதுநகர்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சீனிவாசகம் அண்ணாச்சி அவர்களுக்கு, பருப்புக் கடை லட்சுமிகாந்தம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. மாப்பிள்ளை மகேஷ்குமாரும் எங்கள் மகள் சுகிர்தாவும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்றும், எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் சீசன் ஆர்டர் குறைவில்லாமல் வந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் ஞானசுந்தரியும் சௌக்கியம். குதிரை மத்தாப்பு சௌக்கியமா இல்லையா என்பதை மட்டும் லேபிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். உங்கள் யோசனைப்படி அவளை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ராஜபாளையத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் எடுத்துக்கொள்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் லோடு வேனை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீங்கள்தான் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்றுதான் கேட்டீர்கள். வாடகைக்குப் பிடித்திருந்தால் ஒரு சாயங்காலத்தோடு போயிருக்கும். மொத்த வியாபாரம் செய்தே பழகிய கைக்குச் சில்லறையாக வாங்க வருமா? அந்தியூர்ச் சந்தைக்குப் போய், சுழி பார்க்கத் தெரிந்த ஆளை வைத்து நெற்றி, கழுத்து, விலா என்று ஒவ்வொரு சுழியாகப் பார்த்து, வீட்டுக்கு ஆகிவரும் என்று அவர் சொன்ன பிறகு குதிரையையே வாங்கி வந்துவிட்டேன். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை இறங்கிவிட்டார், குதிரை எங்களோடு தங்கிவிட்டது. சுகிர்தா போனபின் சத்தமில்லாமல் கிடந்த வீட்டில் காலையில் கனைக்க ஒரு ஜீவன் வந்ததும் எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிற கொள்ளில் முதல் தரம் அவளுக்கு, கடலையில் முதல் தரம் அவளுக்கு, ஞானசுந்தரி பங்குக்குக் கருப்பட்டி வேறு. வேலை என்று ஒன்றும் கிடையாது. தின்பாள், நிற்பாள், எங்களைப் பார்ப்பாள்.

போன மாதம், சும்மா நிற்கிறாளே என்று பஜார் பக்கம் நடத்திக் கூட்டிப்போனேன். வற்றல் கமிஷன் கடை முன்னால் நின்றாள். நின்றவள் நின்றதுதான். பின்னங்கால் இரண்டும் கட்டையாக இறுகி, உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது. முன்னால் ஒரு லாரி, பின்னால் மூட்டை வண்டிகள், எந்த ஹாரனுக்கும் அசையவில்லை. கமிஷன் கடை சங்கிலிமுத்து இறங்கி வந்து, “கண்ணு பட்டிருக்கு அண்ணாச்சி, அம்புட்டும் கண்ணு” என்று அரை மூட்டை மிளகாய் வற்றலைச் சுற்றி நடுத்தெருவில் தீயில் போட்டுவிட்டார். நெடி வராவிட்டால் திருஷ்டி என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா? எங்கள் பஜார்க்காரர்கள் பிறந்ததிலிருந்து வற்றல் நெடியிலேயே மூச்சு விடுகிறவர்கள். அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? “நெடியே இல்ல, பாத்தீகளா!” என்று ஆளாளுக்குச் சத்தியம் பண்ண, இப்படியொரு திருஷ்டியைப் பார்த்ததே இல்லை என்று முடிவாயிற்று. லாரியில் வந்த வெளியூர் டிரைவர் மட்டும் இருமி இருமிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார், அவர் பேச்சை யார் கேட்டார்கள்? அந்த நேரத்தில் மத்தாப்பு நடுங்கிக்கொண்டே தலையைக் கொண்டுவந்து என் தோளில் வைத்தாள். பஜார் முழுக்கப் பார்க்க நான் அழுதுவிட்டேன். வற்றல் நெடி என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை.

கல்யாணத்தில் நீங்கள் கொளுத்திய சரவெடியின் பயமோ என்று அன்றைக்கு உங்களிடம் போனில் கேட்டுவிட்டேன். “எங்க வெடிக்கு இதுவரைக்கும் ஒரு நாயி கூடப் பயந்ததில்ல” என்று நீங்கள் கோபித்துக்கொண்டது நியாயம்தான். கால்நடை டாக்டர் யோகேஸ்வரி வந்து ஊசி போட்டுவிட்டு, இது பயமும் இல்லை கண்ணும் இல்லை, தசை இறுகிப்போகிற நோய், பரம்பரையாக வருவதாக இருக்கலாம், வால் முடியை வேரோடு எடுத்து லேபுக்கு அனுப்பினால்தான் உறுதியாகத் தெரியும் என்றார். “இதோட அம்மாவுக்கு இப்படி ஏதாச்சும் இருந்துச்சா?” என்றும் கேட்டார். சுழி மட்டும்தான் பார்த்தோம் என்று எப்படிச் சொல்வது? சந்தையில் அவளை முடித்துக் கொடுத்த தரகர் கருத்தப்பாண்டிக்கு அங்கேயே ஸ்பீக்கரில் போன் போட்டேன். “தாய்க் குதிரையா? தங்கமான கொணம் அண்ணாச்சி. நிப்பாட்டுன எடத்தை விட்டு ஒரு அடி நகராது” என்றார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வால் முடி லேபுக்குப் போயிருக்கிறது. அன்றிலிருந்து டாக்டர் உத்தரவுப்படி கொள்ளு கிடையாது, கருப்பட்டி கிடையாது, ஒருநாள் கூடச் சும்மா நிற்கக் கூடாது, தினமும் நடத்த வேண்டும். புல்லும், தெம்புக்குக் கடலை எண்ணெயும்தான். எனக்கோ சர்க்கரை வியாதி, எண்ணெய் ஆகாது. என் தோசைக்கு இல்லையென்ற எண்ணெயெல்லாம் அவள் தொட்டிக்குப் போகிறது. அவள் கடைப்பக்கம் மூக்கை நீட்டும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு பிடி கொள்ளை அள்ளுவேன், திரும்பச் சாக்கிலேயே போட்டுவிடுவேன். பருப்பு வியாபாரிக்கு இப்படியா ஒரு சோதனை?

“ரிசல்ட் வாரதுக்குள்ள கை மாத்தி விட்டிருங்க” என்று நீங்கள் சொன்னது என் நல்லதுக்குத்தான். ராஜபாளையத்தில் முகூர்த்த நாளில் இரண்டு மூன்று ஊர்வலம், மற்ற நாளெல்லாம் கட்டிப்போட்டிருப்பார்களாம். பரவாயில்லை, பழகிக்கொள்வாள். டிரைவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: வேனில் வைக்கோல் கனமாகப் பரப்ப வேண்டும், ஏற்றும்போது அவசரப்படுத்தக் கூடாது, காதருகில் பேசினால் வருவாள், வழியில் டீ குடிக்க வெகுநேரம் நிறுத்த வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் சுகிர்தாவுக்கும் எங்கள் ஆசி. சம்பந்தியம்மாளை ஞானசுந்தரி மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். இரண்டு வீடும் என்றும் இதே பிரியத்தோடு இருக்க மாரியம்மன் துணை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
லட்சுமிகாந்தம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் ஞானசுந்தரிக்கு வாசித்துக் காட்டினேன். “வாங்க வாரவருகிட்ட சீக்கைச் சொல்லியாச்சா?” என்றாள். நான் கவரில் விலாசம் எழுதத் தொடங்கினேன். “உங்க சுகரு உங்க அப்பாகிட்டருந்து வந்தது. கல்யாணத்துக்கு முன்னால எங்க வீட்டுல யாரும் கேக்கல, நீங்களும் சொல்லல. தெரிஞ்ச பெறகு உங்களை நான் யாருக்காச்சும் கை மாத்தி விட்டேனா?” என்று கேட்டுவிட்டு, எண்ணெய்ச் செம்போடு கொட்டகைக்குப் போய்விட்டாள். வேன் அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி. ரிசல்ட் எதுவாக வந்தாலும் வரட்டும். வாசலில் கனைப்புச் சத்தம் கேட்கிறது, நாங்கள் மூன்று பேரும் நடக்கக் கிளம்புகிறோம்.