ஐம்பத்தைந்துக்கு மேல் ஆள் கிடையாது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுகிறேன். இவ்விடம் அனைவரும் நலம் என்று தொடங்க வேண்டும். அனைவரும் என்றால் நானும் உங்கள் அத்தையும்தான். அதில் நான் நலம், அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அவ்விடம் நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனில் ஒரு மாமனார் மாப்பிள்ளையிடம் கோபப்பட முடியாது. எடுத்தவுடன் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்று வாய் தானாகக் கேட்டுவிடுகிறது, அப்புறம் கோபம் எங்கே வரும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மரியாதை எங்காவது குறைந்திருந்தால் அது அவசரத்தில் விட்டுப்போனது, வேண்டுமென்று இல்லை.

போன முறை நீங்கள் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலை ஏழு மணிக்கு ரேடியோவில் வரும் பழைய பாட்டு நிகழ்ச்சியை இந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறார்களாம், விளம்பரம் வருவதில்லையாம், உங்கள் விளம்பரக் கம்பெனி மனசு வைத்தால் ஏதாவது செய்யலாமே என்று பேச்சுவாக்கில் கேட்டேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க மாமா, எந்த வயசுக்கு எந்த விளம்பரம்னு நாங்க ஒரு கட்டம் போடுவோம், அம்பத்தஞ்சுக்கு மேல அந்தக் கட்டத்துல ஆளே கிடையாது" என்றீர்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, எழுந்து போய்க் கை கழுவினேன், அவ்வளவுதான். வயதானவர்கள் புதிதாக எதையும் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் முப்பது வருஷமாக வாங்கும் அதே சோப்பைத்தான் வாங்குவார்கள், அவர்களுக்காக விளம்பரம் கொடுக்க எந்த முதலாளியும் தயாரில்லை என்று நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். அதை விளக்கியபோது நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. உங்கள் அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்த ஐந்து மாதத்தில் உயரமான நாற்காலிகள் வந்தன, கட்டில் வந்தது, மெத்தை வந்தது, அந்த மெத்தை மெதுமெதுவென்று அமுங்குகிறது என்று டாக்டர் சொன்னதால் வேறு மெத்தை வந்தது, குனியாமல் எடுக்கிற மாதிரி ஃப்ரிட்ஜ் வந்தது, குளியலறைக்குப் பிடிகம்பி, வழுக்காத தரை, மூன்று ஜோடி செருப்பு. டெலிவரி வண்டிக்காரர் இப்போதெல்லாம் எங்களைக் கேட்காமலே லிப்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். கட்டம் போடும் உங்கள் ஆபீசில் இத்தனை மாதத்தில் யாராவது இவ்வளவு வாங்கியிருக்கிறார்களா என்று விசாரித்துப் பார்க்கவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை, இரண்டு வரிக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். தினம் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உங்கள் அத்தை முடியாது என்று அதைவிடக் கறாராகச் சொல்லிவிட்டாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன், பசித்தது, விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எதற்கோ ரேடியோவைப் போட்டேன், பழைய பாட்டு ஒன்று ஆரம்பித்தது, இவள் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. ஹாலிலிருந்து பின்கதவு வரை பத்தொன்பது எட்டு. நான் இடது பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பேன். பாட்டு ஓடும் வரை நடை, விளம்பரம் வந்தால் நாற்காலி. விளம்பரம் முடிந்து அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினால் மறுபடி எழுந்துவிட வேண்டும். நீங்கள் கொடுத்த பென்டிரைவில் நானூறு பாட்டு இருப்பது எனக்கு மறக்கவில்லை. அதை ஒரு நாள் போட்டேன். "அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுட்டா எதுக்கு நடக்கணும்" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் வந்தது. நாளுக்கு நாள் விளம்பரம் குறைந்தது. முதலில் கட்டில் கடைக்காரர் நின்றார், பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நின்றார், ஒரு திங்கட்கிழமை ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு விளம்பரம்கூட வரவில்லை. பாட்டு, பாட்டு, பாட்டு. உங்கள் அத்தைக்கு உட்கார நேரமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, பாட்டை விடவும் மனமில்லாமல், பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அன்றே ரேடியோ நிலையத்துக்குப் போன் போட்டு, தயவுசெய்து நடு நடுவே நாலு விளம்பரம் போடுங்கள் என்று கேட்டேன். நிலைய மேலாளரே போனை எடுத்தார். இத்தனை வருஷ சர்வீசில் விளம்பரம் போதவில்லை என்று புகார் செய்த முதல் நேயர் நான்தான் என்றார். பிறகு, இந்த மாதத்தோடு நிகழ்ச்சியே இல்லை, கடைசியாக ஒரு நேயர் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் ஏதாவது அதிசயம் நடந்தால்தான் உண்டு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதை மேல்மாடித் தலைமையாசிரியை மூலம் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்றுப் பதினாலு வருஷமாகியும் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், பயமும் அப்படியே இருக்கிறது. அவருக்குப் போன் வந்திருக்கிறது. வயது என்ன என்று முதல் கேள்வி. எழுபத்தொன்று என்றிருக்கிறார். நன்றி அம்மா, வணக்கம் என்று போனை வைத்துவிட்டார்கள். அவர் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தியவர், பேசிக்கொண்டிருக்கும்போது இதுவரை ஒருவரும் அவரிடம் போனை வைத்ததில்லை. கோபத்தில் படியிறங்கி என்னிடம் வந்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டரும் வந்தார், அவருக்கும் அதே நன்றி, அதே வணக்கம். பல் டாக்டருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. இந்தப் பகுதியில் மொத்தம் முப்பது வீட்டைத்தான் கேட்பார்களாம், அதுவும் லேண்ட்லைனில், இன்னும் ஒரு வாரத்துக்கு, முப்பது சேராவிட்டால் முதலில் கூப்பிட்ட வீட்டையே மறுபடி கூப்பிடுவார்களாம். லேண்ட்லைன் வைத்திருப்பது நாங்கள்தானே மாப்பிள்ளை. வேறு யார் எடுக்கப்போகிறார்கள்.

முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். எடைக்கல்லுக்கு அடியில் ஈயத்தைச் சுரண்டி வைத்திருந்தவனை, கல்லைக் கையில் தூக்கியவுடனே பிடித்தவன். அப்பேர்ப்பட்ட நான், வயதைச் சுரண்டலாம் என்று அந்தக் கூட்டத்தில் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. உங்கள் அத்தைக்காகச் சொன்னேன், அவள் கால் இறுகிவிடக் கூடாதே என்று சொன்னேன், வேறு காரணம் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்து நேயர்கள் பதினேழு பேர் எங்கள் ஹாலில் கூடினார்கள், ஒத்திகை பார்த்தோம். ஆளுக்கு இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள் ஒரு வயது கொடுத்தேன். தலைமையாசிரியை இருபத்தெட்டு கேட்டார், கொடுத்துவிட்டேன், மறுக்கத் தைரியம் வரவில்லை. இந்த வயசுக்காரர்கள் என்னென்ன வாங்குவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல், "அப்பா, தலை சுத்துதா, அம்மாகிட்ட போனைக் குடுங்க" என்றாள். பல் டாக்டர் தன் முறை வந்தபோது என்ன வேலை என்று கேட்டதற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அது ஓரளவு உண்மை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த போனை என்னை முந்திக்கொண்டு உங்கள் அத்தை எடுத்துவிட்டாள். பொய் சொல்ல மாட்டேன் என்று ஒத்திகைக்கே வராதவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயசு இருபத்தாறு" என்றாள். நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆகுது. போன வாரம் மாப்பிள்ளை வந்திருந்தார், அவருக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும், அவரைக் கேளுங்க" என்று முடித்தாள். அந்தப் பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

பலித்தது மாப்பிள்ளை, அதுதான் கொடுமை. நிலைய மேலாளர் அவராகவே கூப்பிட்டு, ஏழு மணிக்கு இளவட்டக் கூட்டம் அலைமோதுகிறது, எங்கிருந்து வந்தார்களென்று தெரியவில்லை, நிகழ்ச்சியை நிறுத்தவில்லை என்றார். நான் தலைமையாசிரியைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு மாடியேறினேன். மறுநாள் ஏழு மணிக்கு உங்கள் அத்தை நாற்காலி நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தாள், நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். நிகழ்ச்சியின் பெயர் அதேதான். ஆனால் தொண்டையைச் செருமுகிற அறிவிப்பாளர் இல்லை. ஒரு பையனும் பெண்ணும் வந்து, அவன் சொன்னதற்கு அவள் சிரித்து, அவள் சிரித்ததற்கு அவன் சிரித்து, ஏன் சிரிக்கிறார்கள் என்று கடைசிவரை சொல்லாமல் பாட்டைப் போட்டார்கள். மாடிப்படியில் பாத்திரங்களை உருட்டிவிட்ட மாதிரி ஒரு பாட்டு. இளைஞர்கள் கேட்கிறார்களாம், அதனால் இளைஞர்களுக்குப் பிடித்ததைப் போடுகிறார்களாம். விளம்பரத்துக்கு இப்போது பஞ்சமே இல்லை. பைக், முகப்பரு கிரீம், தசை வளர்க்கும் பொடி. கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களுக்குக் குலுக்கல் வைத்து, தலைமையாசிரியைக்கு ஆறு மாத இலவச ஜிம் சீட்டு விழுந்திருக்கிறது. அவர் போகிறார். அங்கே இரண்டு பேரை ஒழுங்காக வரிசையில் நிற்கவும் வைத்துவிட்டாராம்.

உங்கள் அத்தை எழுந்திருக்கவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அப்படியே ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணைக்கப்போனேன், இருக்கட்டும் என்றாள். எனக்குத் தாங்கவில்லை, இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு வாரமாக ஏழு மணி அடித்தால் இங்கே வந்து உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். நடை நின்றது நின்றதுதான்.

இதில் உங்களுக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது என்று நேற்று மகள் சொல்லித்தான் தெரிந்தது. ஏழு மணி நேயர்களைக் கண்டுபிடித்து முகப்பரு கிரீம் விளம்பரத்தை அங்கே போடச் சொன்னதே நீங்கள்தானாம், ஆபீசில் கைகொடுத்துப் பாராட்டினார்களாம். அந்த நேயர்கள் யார் என்பதை இப்போது சொல்லிவிட்டேன். அவர்களில் பாதிப் பேருக்கு முகம் கழுவவே இன்னொருவர் வேண்டும். மேலதிகாரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பிறர் மூலம் தெரிவதைவிட அது மேல். பழியை என் மேல் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்த ஒரு மணி நேரத்தைப் பழையபடி திருப்பித் தரச் சொல்லுங்கள். சாமான் வாங்குகிற ஆள் நாங்கள், கட்டில் கடைக்காரரிடம் நானே நேரில் போய்ப் பேசுகிறேன். உங்கள் அத்தைக்காகக் கேட்கிறேன் மாப்பிள்ளை. அவள் நடக்க வேண்டும், அது ஒன்றுதான். இதுவரை உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை.

மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, நாங்கள் இருக்கும் இந்த வயதுவரை நல்லபடியாக வந்து சேர வேண்டும், வந்தபின் யாராவது உங்களையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குக் கோந்து தேடி இப்போதுதான் ஹாலுக்குப் போனேன். பாத்திரம் உருளுகிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உங்கள் அத்தை இல்லை. பயந்துபோய் வாசலுக்கு ஓடினேன். வெளி வராந்தாவில், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக, கையை வீசிக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருந்தாள். ஒரு வாரமாக இப்படித்தானாம். இந்தப் பாட்டுக்குக் கால் தானாக வேகமாகப் போகிறதாம். டாக்டருக்குக்கூடப் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். தனியாக எப்படி, விழுந்தால் என்ன ஆவது என்று கத்தினேன். அவள் நின்று, "ரெண்டு மாசமா என்னால தனியாவே நடக்க முடியுது. நீங்கதான் தினமும் கையை நீட்டிக்கிட்டு நிப்பீங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி நடக்கப் போய்விட்டாள்.

எனவே, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து திருப்பி எழுத வேண்டும், கை ஓயவில்லை, மனசுதான் ஓய்ந்துவிட்டது. உங்கள் அத்தைக்காக என்று நான் எழுதியிருக்கும் இடங்களை எல்லாம் தயவுசெய்து நீங்களே அடித்துவிட்டு, எனக்காக என்று படித்துக்கொள்ளவும். மற்றபடி கேட்டது கேட்டதுதான்.