நாலு மணிக்குள் ஒரு போல்ட்

போல்ட் திரும்பியது. லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஏர்பிரேக், "வந்தியாடா வழிக்கு!" என்று கத்திவிட்டு ஸ்பேனரிலிருந்து கையை எடுத்தார். போல்ட் அலட்டிக்கொள்ளாமல் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

அவருக்கு ஏர்பிரேக் என்ற பெயர் வண்டியால் வந்ததல்ல, வாயால் வந்தது. லாரி பிரேக் காற்றை விடுவது போல 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு விடாமல் எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க மாட்டார். சொந்தமாக ஒரு சின்ன லாரி. பதினெட்டு வருஷ அனுபவம். அதில் பதினேழு வருஷம் அடுத்தவர் ஓட்டுவதைக் குறை சொன்ன அனுபவம்.

அந்த லாரியை வாங்க இன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒருவர் வருகிறார். லாரி கைமாறினால்தான் ஒரு சின்ன வேன் வாங்கலாம். வேன் இருந்தால்தான் பிஸ்கட் கம்பெனியில் திங்கட்கிழமை வேலைக்குச் சேரலாம். வேன்காரரோ, "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பாப்பேன், அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பு பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதரை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் மனைவியின் பிரார்த்தனை.

வாங்குகிறவர் போன வாரமே வந்து பார்த்துவிட்டுப் போனார். "சனிக்கிழமை நம்ம ஆளைக் கூட்டிட்டு வர்றேன். அவன் சரின்னா அங்கேயே முடிச்சுக்கலாம்" என்றார். நம்ம ஆள் என்றால் மெக்கானிக்தான் என்று ஏர்பிரேக் தாமாகவே தீர்மானித்துவிட்டார். மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பான். ஓட்டினால் பின்பக்கம் கிரீச் கிரீச்சென்று அலறும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் தூக்கித் தூக்கிப் போடும்.

காரணம் அவருக்குத் தெரியும். சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டையை வண்டியோடு பிடித்து வைப்பது ஒரு போல்ட். அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ரப்பர் உருளைக்குப் பெயர் புஷ். புஷ் செத்து, போல்ட் துருவேறி, இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு பல காலம் ஆகிவிட்டது. போல்ட்டைத் திருகினால் ரப்பரும் கூடவே முறுக்கிக்கொள்ளும், விட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

"என் தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றார் மனைவி. தம்பி பெரிய பட்டறையில் மெக்கானிக்.

"உஸ்... உன் தம்பி பேரை எடுத்தே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"இப்ப எப்படி இருக்கீங்களாம்?"

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், ஐம்பது பேருக்கு முன்னால், "மாமா எங்க வண்டியை ஓட்டறாரு? வண்டிதான் மாமாவை ஓட்டுது" என்று மச்சான் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஸ்பேனருக்கு நீளம் பத்தவில்லை என்று கண்டுபிடித்தார் ஏர்பிரேக். வாசலில் துணி காயப்போடும் கொடிக்கு ஒரு இரும்புக் குழாய் நட்டிருந்தது. அதைப் பிடுங்கினார்.

"ஏங்க, அதுல துணி காயுது!"

"பத்து நிமிஷம்."

குழாயை ஸ்பேனரில் மாட்டி, இரண்டு காலையும் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தார். போல்ட் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி, ஆறு முனை இருந்த போல்ட் தலை கோலிக்குண்டு போல உருண்டையாகிவிட்டது. கொடியில் இருந்த நாலு படுக்கை விரிப்பும், போல்ட்டை ஊற வைக்க அவர் ஊற்றியிருந்த மண்ணெண்ணெய்க் குட்டையில் போய்ப் படுத்தன.

மனைவி வாசலுக்கு வந்தார். விரிப்புகளை எடுத்து, அவர் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் ஸ்டூலின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்தது சம்மட்டி. ஸ்பேனர் பிடிக்கத் தலைதான் இல்லை, நுனியில் அடித்து வெளியே தள்ளிவிடலாமே? பதினைந்து அடி அடித்தார். போல்ட்டின் நுனி நசுங்கி விரிந்து, காளான் மாதிரி ஆகிவிட்டது. இதுவரை அது வெளியே வர மறுத்தது. இனி அது மனசு வைத்தாலும் வர முடியாது.

"உஸ்... சூடு காட்டினா இளகிடும்" என்று பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரரிடம் கேஸ் டார்ச்சை வாங்கி வந்தார். போல்ட் சிவப்பாகப் பழுத்தது. கூடவே உள்ளே இருந்த ரப்பரும் பற்றிக்கொண்டது. கரும்புகை தெரு முழுக்கப் பரவ, ஃபிரிட்ஜ்காரர் "ஐயோ, தீ!" என்று ஓடி வந்து ஒரு வாளித் தண்ணீரை வண்டியின் மேலும் ஏர்பிரேக்கின் மேலும் பாரபட்சமில்லாமல் ஊற்றினார்.

"யோவ், டார்ச் குடுத்ததே நீதானே!"

"குடுத்தது நான்தான். அதுக்காக எரியறதை வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

பழுத்த போல்ட் தண்ணீரில் பதமேறி, அரிவாளைப் போல் உறுதியாகிவிட்டது. அதில் ஓட்டை போட வாங்கி வந்த மூன்று டிரில் பிட்டும் வரிசையாக முறிந்தன. மணி ஒன்று. ஏர்பிரேக்குக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பிஸ்கட் கம்பெனி சட்டையைக்கூட அளவு கொடுத்துத் தைத்தாகிவிட்டது.

"சரி... உன் தம்பிக்கு ஒரு போன் போடேன்" என்றார், தரையைப் பார்த்தபடி.

"காலையில ஒம்போது மணிக்கே போட்டுட்டேன். தெருமுனையிலதான் பைக்கை நிறுத்திட்டு உக்காந்திருக்கான். நீங்க எத்தனை மணிக்கு எறங்கி வருவீங்கன்னு ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தோம்."

மச்சான் வந்தான். குனிந்து பார்த்தான். "மாமா, இது போல்ட்டா, கத்திரிக்காயா?"

"உஸ்... முடியுமா, முடியாதா?"

"முடியும். அந்தக் கல்யாண வீட்டுல நான் சொன்னது சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கைய வெக்கறேன்."

ஏர்பிரேக் சொன்னார். போதாதென்று ஃபிரிட்ஜ்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, இன்னொரு தடவை உரக்கச் சொல்ல வைத்தான் மச்சான்.

அதன் பிறகு எட்டு நிமிஷம். புஷ்ஷுக்கு இரண்டு பக்கமும் கட்டிங் மெஷினைச் சொருகி, போல்ட்டை மூன்று துண்டாக வெட்டிக் கீழே தள்ளினான். புது புஷ், புது போல்ட், வழுவழுவென்று கிரீஸ். "சத்தம் இந்த மூலையிலதான் மாமா. இதோட விட்டுடலாம்."

ஏர்பிரேக்குக்கு இழந்த கௌரவத்தை எங்காவது மீட்க வேண்டியிருந்தது. "என்னடா வேலை இது? வர்றவன் மெக்கானிக். நாலு மூலையும் மாத்து. தொட்டா தொட்டில் மாதிரி இருக்கணும்!"

"அவ்வளவு வேணாம் மாமா."

"உனக்கென்ன தெரியும்!"

நாலு மூலையும் மாறின. மூன்று ஐம்பத்தைந்துக்குக் கடைசிச் சக்கரம் ஏறியது. மச்சான் தெருவில் ஒரு சுற்று ஓட்டி வந்தான். கிரீச் இல்லை, குதிப்பு இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஏர்பிரேக்குக்குப் பெற்ற பிள்ளை நடை பழகுவதைப் பார்ப்பது போல் நெஞ்சு நிறைந்தது. மனைவிகூடச் சிரித்துவிட்டார்.

சரியாக நாலு மணிக்கு வாங்குகிறவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல உடம்பு. கூடவே ஒல்லியாக, கையில் தோல் பையுடன் ஒரு ஆள்.

அந்த ஆள் இன்ஜினைப் பார்க்கவில்லை. அடியில் குனியவில்லை. நேராகப் பின்னால் ஏறி, நடுவில் நின்றான். காலை அகட்டி, வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, மணிக்கட்டை மெல்ல அசைத்துப் பார்த்தான்.

"பெரிய கைகாரன்டா. வண்டியோட நாடியைப் பாக்கறான்" என்று மச்சானின் காதில் கிசுகிசுத்தார் ஏர்பிரேக். பிறகு பெருமை தாங்காமல் வண்டியின் மூலையை ஒரு அழுத்து அழுத்தினார். லாரி மிதந்து இறங்கியது. மேலே நின்றவன் தடுமாறிப் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்படி? பூ மாதிரி இல்ல?"

வெள்ளைச் சட்டைக்காரரின் முகம் வாடியது. "போன வாரம் நான் ஏறினப்போ கல்லு மாதிரி நின்னுச்சே!"

"உஸ்... அது போன வாரம் சார்! இன்னைக்கு நாலு மூலையும் புதுசு. நீங்க எங்க நின்னாலும் ஆடும்!"

ஒல்லி ஆள் கீழே இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் முதலாளியிடம் சொன்னான்: "வேற வண்டி பாக்கலாம்ண்ணே. இந்த ஆட்டம் ஆடற வண்டியில சலூன் வெச்சா, ஷேவிங்குக்கு எவன் கழுத்தை நீட்டுவான்?"