கரும்பலகையின் நடுவில் ஒரு கதவு

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நலம். நீங்களும் என் மகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும், ஏனென்றால் நான் திட்டப்போகிறேன்.

எங்கள் கல்லூரியின் பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து, பக்கத்தில் புதிய பகுதியையும் சேர்த்துக் கட்டும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தபோது, "இஞ்சினியர் நம்ம மாப்பிள்ளைதான்" என்று எல்லோரிடமும் பெருமை பேசியவன் நான். இப்போது யாராவது கேட்டால் "தூரத்துச் சொந்தம்" என்கிறேன். மாடியில் பழைய தாழ்வாரம் எங்கே முடிகிறது? என் வகுப்பறை வாசலில். புதிய பகுதி எங்கே தொடங்குகிறது? அதே வகுப்பறையின் எதிர்ச்சுவருக்கு அந்தப் பக்கம். அதற்கென்று தனிப் படியும் கிடையாது. பழையதையும் புதியதையும் தனித்தனித் தாளில் வரைந்த நீங்கள், இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்க்க மறந்துவிட்டீர்களாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். சட்டைக்குக் கை நுழைய வழி வைக்காத தையல்காரர், வயிற்றில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? "சுவத்துக்கு நடுவுல ஒரு கதவு போட்டுடுங்க" என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். மேஸ்திரி அளந்து, இம்மி பிசகாமல் நடுவில் உடைத்தார். அந்த நடுதான் என் கரும்பலகையின் நடு.

நான் ஓய்வு பெற்ற பிறகும் வந்து நடத்துவது, கணக்கில் தோற்று மறுபடி எழுதும் பிள்ளைகளுக்கான வகுப்பு. இதுதான் அவர்களுக்குக் கடைசி வாய்ப்பு. இதிலும் தோற்றால் பட்டம் இல்லை. சமன்பாட்டின் இடப்பக்கத்தைக் கதவுக்கு இந்தப் பக்கமும் வலப்பக்கத்தை அந்தப் பக்கமும் எழுதினால், சமக்குறி வர வேண்டிய இடத்தில் சிமெண்டுச் சட்டியோடு ஓர் அம்மா நிற்கிறார். "கொஞ்சம் தள்ளுங்க சார், கலவை காஞ்சிரும்." தள்ளினேன். பின்னாலேயே ஜன்னல் சட்டம், அதன் பின்னால் தண்ணீர்க் குழாய், அதற்கும் பின்னால் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு கல்லூரி முதல்வர். "நாங்க இல்லைன்னு நெனச்சுக்கிட்டு நடத்துங்க சார்." எப்படி நினைப்பது? விருந்தினர் ஒருவர் போகிற போக்கில் என் சாக்பீஸை வாங்கி ஒரு குறியைத் திருத்திவிட்டுப் போனார். தப்பாக. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், அந்தப் பக்கம் போனா குறி மாறும்னீங்களே, கதவு சாத்தியிருந்தா எப்படிப் போகும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள்.

உங்களுக்குப் போன் செய்தால் "பாத்துக்கலாம் மாமா" என்கிறீர்கள். தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், அதுதானய்யா வயிற்றெரிச்சல்! பொறுத்தது போதும். இன்று மாடியில் உங்கள் ஆட்களுக்கு வேலை இல்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அந்தக் கதவ எடுத்துட்டு இப்பவே செங்கல் வச்சு அடைச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளை எங்காவது சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லிவிட்டு, ஆசிரியர் அறையில் இருந்து இதை எழுதுகிறேன். இனி அந்தச் சுவரில் யாராவது கைவைத்தால், மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்க மாட்டேன். புதிய பகுதிக்கு வழி வேண்டுமென்றால் வெளியே படி கட்டிக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லாச் செல்வங்களும் பெற்று நீடு வாழ்க. அதற்குள் ஒரு மாடிப்படியாவது கட்டுக.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமனார்.

பி.கு.: மேஸ்திரி முடித்துவிட்டார். அருமையான சுவர். பார்த்துவிட்டு வாசலுக்கு இறங்கினால் தலைக்கு மேலே "சார்! சார்!" என்று சத்தம். புதிய பகுதியின் ஜன்னலில் என் வகுப்பு மொத்தமும் நிற்கிறது. கடைசி அறையில் இருந்தார்களாம். "நீங்கதானே சார் சத்தமில்லாத எடமாப் பாத்து உக்காரச் சொன்னீங்க?" இடிக்கச் சொன்னால் மேஸ்திரி, "கட்டறதுக்கு யார் சொன்னாலும் கட்டுவேன் சார், இடிக்கிறதுக்கு இஞ்சினியர் சொல்லணும்" என்கிறார். நீங்களோ வழக்கம்போல் போனை எடுக்கவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை மேஸ்திரியின் வண்டியிலேயே கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு வாருங்கள். அதே இடத்தில், அதே அளவில் கதவு வேண்டும். ஆனால் அடித்துப் பிடித்து ஓடிவர வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஜன்னல் வழியாக விடையைக் காட்டினாள். சரியாக இருந்தது. இன்னும் இரண்டு கணக்கு பாக்கி.