தடுப்பூசியும் அண்ணாந்து குடித்த காபியும்

“…அப்ப நம்பர் கொறஞ்சா தடுப்பூசி செத்துப்போச்சுன்னு அர்த்தமா அத்தான்? இதுக்கா கரிவலம் வரைக்கும் பைக்க முறுக்கிக்கிட்டு வந்தீய?” என்று கேட்டாள் என் மாமன் மகள் செல்வி. எங்கள் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். என் வெள்ளைச் சட்டையில் காலரிலிருந்து பெல்ட் வரை காபி.

நான் சங்கரன்கோவிலில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவன். ஊரில் பாதிப் பேரின் சர்க்கரை அளவு எனக்கு மனப்பாடம். (என் புத்தியின் அளவை மட்டும் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.) அன்று காலை, ஹெபடைடிஸ் பி என்கிற கல்லீரல் தொற்று உள்ள ஒருவருக்குக் குத்திய ஊசி என் பெருவிரலில் ஏறிவிட்டது. சோப்பு போட்டுக் கழுவினேன். படிக்கும்போதே அதற்கான மூன்று தடுப்பூசியும் போட்டவன், பயமில்லை. அதோடு விட்டிருக்கலாம். என் ரத்தத்தையே எடுத்து, எதிர்ப்பு சக்தி எவ்வளவு என்று பார்த்தேன். குறைந்தது பத்து இருக்க வேண்டும். ஆறு இருந்தது.

பன்னிரண்டு வருடத்தில் தடுப்பூசி காலாவதியாகிவிட்டது என்று முடிவு செய்தேன். லேப் டாக்டரிடம் கேட்கவில்லை. (கேட்டால் உறுதியாகிவிடுமே!) கல்யாணத்தை நிறுத்தித் தியாகியாகிவிடுவது என்று நேராக மாமா வீட்டுக்குக் கிளம்பினேன்.

உட்கார்ந்ததும் அத்தை காபி தந்தாள். நல்ல குடும்பத்து டம்ளரில் என் வாய் படலாமா? அண்ணாந்து ஊற்றினேன். கொதிக்கிற காபி. கொஞ்சம் வாய்க்குள் போனது, பாதி சட்டைக்கு.

“என்னலே மருமவனே, நேத்து வரைக்கும் சப்பிக் குடிச்ச டம்ளரு இன்னைக்கு ஆகாதோ? பொண்ணு வேண்டாம்னா வாயத் தெறந்து சொல்லுலே!” மாமா எழுந்தேவிட்டார்.

“எனக்கு ஆறுதான் மாமா இருக்கு” என்றேன்.

மாதம் என்று நினைத்து அத்தை அழ ஆரம்பித்தாள்.

செல்வி அழவில்லை. சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடுகிற நர்ஸ் அவள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “மூணாவது ஊசி போட்ட பொறவு அப்பவே டெஸ்ட் எடுத்தீயளா? எவ்வளவு?” என்றாள்.

“நானூறு சொச்சம். காலேஜ்ல குடுத்த பேப்பர்லயே இருக்கு.”

அதன் பிறகுதான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள்.

“அன்னைக்குப் பத்துக்கு மேல ஏறிட்டுல்லா, அது போதும். வருசம் ஆக ஆக நம்பர் எறங்கத்தான் செய்யும். ஒடம்பு மறக்காது. அந்தக் கிருமி வந்தா அடையாளம் கண்டு வெரட்டிரும். முப்பது வருசத்துக்கு மேலயும் தாங்குதுன்னு சொல்லுதாங்க. கல்யாண வீட்ல ஒருக்கா பாத்த ஆள மறப்பீயளா?”

“மறப்பேன்.”

“அப்ப ஒங்கள விட ஒங்க ஒடம்புக்கு வெவரம் ஜாஸ்தி.”

டாக்டருக்குப் போன் போட்டோம். அவரும் அதையேதான் சொன்னார். இனிமேல் என் ரத்தத்தை நானே பார்க்கக் கூடாது என்பதைக் கூடுதலாகச் சொன்னார். இன்றைக்கும் நான் கேஸ் சிலிண்டர் பதிய மறந்தால், என் மகள் “அப்பாவுக்கு ஆறுதாம்மா” என்பாள்.

மாமாதான் அன்று சமாதானமாகவில்லை. என் கையில் மிச்சமிருந்த காபியையே பார்த்தார். “அது சரிட்டி… எச்சில்ல ஒட்டாதா?”

“ஒட்டாதுப்பா” என்ற செல்வி, என்னை ஒரு வாய் சப்பிக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். அதே டம்ளரை வாங்கி, அப்பாவைப் பார்த்தபடியே உதடு வைத்து, மீதியைக் குடித்து முடித்தாள்.