நைல் நதியில் பயப்பட ஒன்றுமில்லை, மாமா

ருவைஸ், அபுதாபி,
7.12.1985

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் மகேசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் மகள் சிவமலரும் நானும் பிள்ளையார் கிருபையால் இவ்விடம் சுகமே. தங்கள் முழங்கால் வருத்தமும், ஆமி அடித்த செல் விழுந்து முறிந்த கிணற்றடி வாழைகளும் இப்போது எவ்விதம் என்றறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. விசிட் விசா கைக்கு வந்துவிட்டதென்றும், ஆனால் எழுபத்தொரு வயதில் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு அபுதாபிக்கு வரத் தங்களால் இயலாதென்றும், கைதடியில் என்ன வந்து விழுந்தாலும் காலடியில் நிலமாவது இருக்குமென்றும் எழுதியிருந்தீர்கள். அதைச் சிவமலர் இரண்டு நாள் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தாள். மூன்றாம் நாள், பயணத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவுக்கு விளக்கமாக எழுதுங்கள், நீங்கள் எழுதினால்தான் கேட்பார் என்றாள். ஆகவே, சென்ற மாதம் நாங்கள் எகிப்து தேசம் சென்று, நைல் நதியில் நாலு நாள் கப்பலில் இருந்து பழைய கோயில்களைப் பார்த்து வந்த விபரத்தை, தங்களுக்குத் தைரியம் உண்டாகும் வண்ணம் எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தை நான் கேட்டு வாங்கவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். நான் இங்கே ஆலையில் பாதுகாப்புப் பகுதிக் கிளாக்கர் என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு வருடம் விபத்தில்லாமல் போனதற்காகக் கம்பெனி விருந்து வைத்து, எல்லாருடைய பெயரையும் ஒரு ஹெல்மெட்டுக்குள் போட்டுக் குலுக்கியது. மூன்றாம் பரிசு சோறு காய்ச்சும் குக்கர். நான் அதற்குத்தான் நேர்ந்துகொண்டு இருந்தேன். முதற் பரிசு விழுந்துவிட்டது. குக்கர் விழுந்த சோலையப்பன் என்கிற போர்மன், புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், நல்ல மனுசன், அவரிடம் போய் மாற்றிக்கொள்வோமா என்று இரகசியமாகக் கேட்டேன். "அண்ணே, கேம்புல மெஸ் சோறு, குக்கர் எனக்கெதுக்கு, மாத்திக்கலாம். ஆனா என் பாஸ்போர்ட்டு, விசா குடுத்த கபீல்கிட்டல்ல கெடக்கு" என்றார். அதற்குள் செய்தி சிவமலருக்குப் போய்விட்டது. அவள் பெட்டியை எடுத்துத் தூசு தட்டத் தொடங்கிவிட்டாள்.

விமானத்தைப் பற்றித் தாங்கள் பயப்பட ஒன்றுமே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பயம், இடையில் மூன்று நான்கு மணித்தியாலம் சும்மா நடுக்கம் மட்டும்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தபடியால் ஒன்றும் தெரியவில்லை. லுக்சோர் என்ற ஊரில் கப்பலில் ஏறினோம். எங்களுக்குத் தந்த அறை அடித்தட்டில். கட்டிலில் தலை வைத்தால் யன்னலுக்கு வெளியே தலையணை மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. எனக்கு நீந்தத் தெரியாது. நான் உடனே கப்பலைச் சுற்றிப் பார்த்து, ஒரு தீயணைக்கும் சிலிண்டரின் தவணை 1981இலேயே முடிந்துபோனதைக் கண்டுபிடித்து, வழிகாட்டியாக வந்த மக்தி என்ற எகிப்தியப் பொடியனிடம் சொன்னன். அவன் சிரிச்சுக்கொண்டு, "நாலு வருசமா நெருப்புப் பிடிக்கேல்லைத்தானே" எண்டு இங்கிலீசிலை கேட்டான். இப்பிடிக் கேக்கிற ஆக்களோடை நாலு நாள் எண்ட உடனை நான் கட்டிலுக்குக் கீழை கிடந்த லைப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினன். சாப்பாட்டுக்கும் அதோடைதான் போனன், படுத்ததும் அதோடைதான். "உதைப் போட்டுக்கொண்டு நீங்கள் படுத்தா நான் எங்கை படுக்கிறது" எண்டு உங்கடை மகள் கேட்டவள். அது நியாயமான கேள்விதான். ஆனா ஆபத்திலை நியாயம் பாக்க ஏலாது.

அடுத்த நாள் கர்னாக் எண்ட கோயில். மாமா, நூத்தி முப்பத்தி நாலு தூண். ஒவ்வொண்டும் பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாது. மேலை கல்லுப் பாளங்கள் சும்மா வைச்சபடி கிடக்குது. நான் ருவைசிலையிருந்து கொண்டுபோன மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையிலை போட்டன். இந்தத் தூண்கள் மூவாயிரம் வருசமா நிக்குது, இனியும் நிக்கும் எண்டு மக்தி சொன்னான். மூவாயிரம் வருசம் நிண்டது எண்டா விழுற நாள் கிட்டுது எண்டுதானே கருத்து எண்டு நான் கேட்டன். அவன் அடுத்த தூணுக்குப் போயிட்டான். ஜெர்மன்காரர் கொஞ்சப் பேர் தூணை விட்டிட்டு என்னைப் படம் எடுத்தவை. சிவமலர் பத்தடி தள்ளி, எனக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி நடந்து வந்தவள்.

மூண்டாம் நாள் காலமை ராசாக்களின்ரை சமாதிகளுக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். மலையைக் குடைஞ்சு, கீழை கீழை இறங்கிற படி. நான் உள்ளுக்கு இறங்கேல்லை. செத்தவன் உள்ளை சவமாக் கிடக்கிறான், அவன்ரை வீட்டைப் போய்ச் சுவரிலை சித்திரம் பாக்கிறது எங்கடை முறையில்லை. சிவமலர் கழுதையிலை ஏறி மலைக்கு வந்தவள், உள்ளுக்கும் போனவள். அரை மணித்தியாலம் நான் வெய்யிலிலை நிண்டு படியைப் பாத்துக்கொண்டு இருந்தன், வெளியிலை வந்த ஒவ்வொரு தலையையும் எண்ணினன். அவள் வந்த உடனை, செத்தவீட்டுக்குப் போய் வந்தனீ, தலைமுழுகித் தோயாமல் அறைக்குள்ளை கால் வைக்காதை எண்டு சொல்லிப்போட்டன். கப்பலுக்கு வந்து பாத்தா அண்டைக்கெண்டு குழாயிலை தண்ணி நிண்டுபோச்சு. சுத்திவர ஆறு, உள்ளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அவள் கதவு வாசலிலை ஒரு மணித்தியாலம் நிண்டு என்னைப் பாத்த பார்வையை நான் இதிலை எழுதேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் எஸ்னா எண்ட இடத்திலை கப்பல் ஒரு சீமெந்துப் பெட்டிக்குள்ளை போகுது. முன்னுக்கும் பின்னுக்கும் கதவைச் சாத்தித் தண்ணியை நிரப்பி, கப்பலை மேலை தூக்கி அடுத்த பக்கம் விடுகினம். நாங்கள் எல்லாரும் மேல் தட்டிலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம். கீழை சின்ன வள்ளங்களிலை உடுப்பு விக்கிற ஆக்கள் வந்து நிண்டு, உடுப்பைப் பொலித்தீன் பையிலை சுருட்டிக் கட்டி, விலை பேச எண்டு மேலை எறியினம். எங்களுக்கு உது தெரியாது. எங்கையோ இருந்து ஒண்டு உய்யெண்டு வந்து எனக்குப் பக்கத்திலை தொப்பெண்டு விழுந்தது. நான் படுத்திட்டன், மாமா. முகம் தட்டிலை, கை ரெண்டும் தலைக்கு மேலை. போன சித்திரையிலை சிவமலரைக் கூட்டிக்கொண்டு வர கைதடியிலை நிண்ட மூண்டு கிழமை செல்லடியிலை பழகினது, உடம்பு மறக்கேல்லை. கண்ணைத் திறந்து பாத்தா, எனக்குப் பக்கத்திலை அதே மாதிரி முகத்தைத் தட்டிலை வைச்சுக்கொண்டு சிவமலர் கிடக்கிறாள். சமாதிக்குள்ளை தனிய இறங்கினவள், கழுதையிலை ஏறினவள், உலகத்திலை ஒண்டுக்கும் பயப்பிடாதவள் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்த மனிசி. கப்பலிலை எண்பது பேர். படுத்தது நாங்கள் ரெண்டு பேரும்தான். மற்றவை சிரிச்சவை, பேந்து சிரிப்பை நிப்பாட்டினவை. விழுந்தது ஒரு நீலச் சட்டை. சிவமலர் எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டு, "அப்பா அங்கை தனிய எல்லே இருக்கிறார்" எண்டு மட்டும் சொன்னவள். இதை எழுதியிருக்கக் கூடாதோ தெரியேல்லை. எழுதிப்போட்டன்.

இனித்தான் உண்மையான பயம். நாலாம் நாள் எட்பு எண்ட ஊர். குதிரை வண்டியிலை கோயிலுக்குப் போனம். வாசலிலை ஆளுயரத்துக்கு ஒரு கல்லுப் பருந்து நிக்குது. பதினொண்டரைக்குக் கப்பல் வெளிக்கிடும் எண்டு மக்தி சொன்னவன். கப்பல் எங்களை விட்டிட்டுப் போனா என்ன செய்யிறது எண்ட யோசினையிலை எனக்குக் கோயிலே தெரியேல்லை. பத்தரைக்கே திரும்பிட்டன். சிவமலர் தான் மற்ற ஆக்களோடை வாறன் எண்டு சொன்னவள். நான் வந்து, கரைக்குப் போகேக்கை சாவிப் பலகையிலை குடுத்திட்டுப் போன எங்கடை அறைத் திறப்பை வாங்கிக்கொண்டு, மேல் தட்டிலை மீட்புப் படகுக்கு நேர் கீழை கதிரையைப் போட்டு இருந்தன். எனக்குத் தெரியாதது என்னெண்டா, அவையள் ஆக்களை எண்ணிறதே திறப்பைப் பாத்துத்தான். திறப்புப் பலகையிலை இல்லை எண்டா ரெண்டு பேரும் வந்திட்டினம் எண்டு கணக்கு. கப்பல் ஊதினது, கரை விலகினது. சாப்பாட்டு மேசையிலை சூப்பு வந்தது. எனக்கு முன்னாலை இருந்த கதிரை வெறுமையாக் கிடந்தது. முதல் ஒரு நிமிசம் முகம் கழுவப் போனவளாக்கும் எண்டு இருந்தன். பேந்து எழும்பி ஓடினன். அறையிலை இல்லை, தட்டிலை இல்லை. அவளின்ரை பாஸ்போட், கவனமா இருக்கவேணும் எண்டு நான் வாங்கி வைச்சபடி, என்ரை சட்டைப் பைக்குள்ளை கிடக்குது. பாஷை தெரியாது, கையிலை ஒரு சின்னப் பை, காலிலை செருப்பு. அவளைக் கப்பல் விட்டிட்டுப் போகேல்லை மாமா, நான்தான் விட்டிட்டுப் போனன்.

கப்டன் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு "மாலேஷ்" எண்டார். பரவாயில்லை எண்டு கருத்தாம். அடுத்த ஊருக்குப் போன பிறகு கார் அனுப்பிக் கூப்பிடலாம், நாலு மணித்தியாலம்தானே எண்டு மக்தி விளங்கப்படுத்தினான். நான் எட்டிப் பாத்தன். உடுப்பு விக்கிற வள்ளம் ஒண்டு கப்பலோடை கயிறு போட்டு இழுபட்டுக்கொண்டு வந்தது. அதைக் கிட்டக் கூப்பிடச் சொன்னன். கயித்து ஏணியாலை இறங்கேக்கை லைப் ஜாக்கெட் கம்பியிலை மாட்டிக்கொண்டு விடுகுதில்லை. கழட்டி மக்தியின்ரை கையிலை குடுத்திட்டு இறங்கினன். நடு ஆத்துக்கு வந்த பிறகுதான் அதை நான் கழட்டினது எனக்கே தெரியும். வள்ளத்தின்ரை விளிம்புக்கும் தண்ணிக்கும் ஒரு சாண். ஆடுது, தண்ணி உள்ளுக்குத் தெறிச்சு என்னை நனைக்குது. வள்ளக்காரக் கிழவன் என்ரை முகத்தைப் பாத்துப் பாட்டு வேறை பாடத் தொடங்கினான். எனக்குத் தெரிஞ்ச பாஷை எல்லாத்திலையும், ஜல்தி பாய், யல்லா, சீதா, கெதியாப் போ ஐயா எண்டு கத்தினன். விளங்கினதோ என்னவோ, கிழவன் பாட்டை நிப்பாட்டிப்போட்டுத் துடுப்பை வலிச்சான். அண்டைக்குத் தண்ணிக்கு எனக்குப் பயம் இல்லை எண்டு நினைக்காதேயுங்கோ. இருந்தது. ஆனா அது பின் வரிசையிலை இருந்தது.

கரையிலை இறங்கிக் குதிரை வண்டி பிடிச்சுக் கோயிலுக்கு ஓடினன். வாசலிலை இல்லை. முதல் மண்டபம், ரெண்டாம் மண்டபம், ஒருத்தரும் இல்லை. போகப் போக இருட்டு, எங்கடை கோயிலிலை மூலஸ்தானத்துக்குப் போற மாதிரியேதான். கடைசி அறையிலை கறுத்தக் கல்லிலை ஒரு கூடு, உள்ளுக்குச் சாமி இல்லை. அதுக்கு முன்னாலை செருப்பைக் கழட்டி வைச்சிட்டுச் சிவமலர் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்லிக்கொண்டு நிக்கிறாள். தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். முடிச்சுக் கண்ணைத் திறந்தவள் என்னைக் கண்டிட்டு, "ஏனப்பா இப்பிடி நனைஞ்சு நிக்கிறியள்" எண்டு கேட்டவள். கப்பல் போன கதையைச் சொன்னன். அவளுக்குத் தெரியாது. நேரம் போனதே தெரியாமல் அங்கேயே நிண்டிருக்கிறாள்.

இது ஆரெண்டே தெரியாத சாமி, இஞ்சை என்ன கும்பிட்டனீ எண்டு கேட்டன்.

"சாமி ஆரெண்டு தெரியாதுதான். கோயில் எண்டு தெரியுது. ருவைசுக்கு வந்து ஏழு மாசமாச்சு, ஒரு கோயில் வாசல் மிதிக்கேல்லை. அப்பாவைப் பத்திரமாக் கொண்டுவந்து சேர் எண்டு கேட்டனான்."

பிறகு கரும்பு ஏத்தின லொறி ஒண்டிலை, கரும்புக்கு மேலை இருந்து, அடுத்த ஊரான கொம் ஓம்போவுக்குப் போனம். கப்பலுக்கு முன்னம் நாங்கள் போய்ச் சேந்திட்டம். கப்பல் வந்த உடனை எல்லாரும் கை தட்டினவை. மக்தி ஜாக்கெட்டை நீட்டினான். நான் வாங்கி உடனை மாட்டினன். வீரம் ஒரு நாளைக்கு ஒரு தரம் போதும். அந்த ஊர்க் கோயில் முதலைச் சாமிக்கு. மம்மியாக்கின முதலைகள் அடுக்கி வைச்சுக் கிடக்குது. உது எங்கை பிடிச்சது எண்டு கேட்டன். இந்த ஆத்திலைதான், இப்ப மேலை அணை கட்டினபடியா இங்காலை வாறேல்லை எண்டு மக்தி சொன்னான். அந்தக் கடைசிப் பகுதியை அவன் முதல் சொல்லியிருக்கலாம். நடுவிலை ஒரு நிமிசம் என்ரை கால் ரெண்டும் இருக்கோ எண்டு குனிஞ்சு பாத்தன்.

மறுநாள் அஸ்வானில் இறங்கி, விமானம் ஏறி, கண்ணை மூடி, பத்திரமாக ருவைஸ் வந்து சேர்ந்தோம். ஆகவே மாமா, மேற்சொன்னவற்றிலிருந்து பயணத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்பது தங்களுக்கு நன்கு விளங்கியிருக்கும். தாங்கள் கொழும்புக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ யாராவது துணையோடு வந்து, கட்டுநாயக்காவில் ஏறினால் போதும். நான் நேரில் வந்து அழைத்துவர ஆசைதான். ஆனால் இங்கே டியூட்டி அதிகம், லீவு ஒரு நாளும் மிச்சமில்லை. அபுதாபி விமான நிலையத்தில் விடியமுதலே வந்து நிற்பேன்.

அயலவர் அனைவருக்கும் எங்கள் அன்பைக் கூறவும். தங்கள் ஆசியை என்றும் வேண்டிப் பணியும்,

மருமகன்,
மகேசன்

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்ட முதல் சிவமலர் வாசிச்சவள். "இதை வாசிச்சுப்போட்டு அந்த மனிசன் வருமோ" எண்டு கேட்டிட்டுக் குசினிக்குள்ளை போயிட்டாள். நான் மேலை எழுதினதை எல்லாம் விட்டிடுங்கோ. பயணம் பயம்தான். தனியப் பயப்பிடுறது இன்னும் மோசம். லீவு இல்லை எண்டதும் பொய், முப்பத்தியொரு நாள் கிடக்குது, அங்காலை வரப் பயத்திலை மறைச்சு வைச்சனான். இண்டைக்கு லீவுக்கு எழுதிக் குடுத்திட்டன். தை பிறக்கிறதுக்கு முதல் கைதடிக்கு வருவன். நான் வாற நாளிலை வாசல் படலையிலை வந்து நிண்டு பாத்துக்கொண்டு நிக்க வேண்டாம், உள்ளுக்கு இருங்கோ. நான் வந்து கூப்பிடுறன்.